புடவை மேல் நின்ற கை

1

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நானும் என் மனைவி வனஜாவும் போய் நிற்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் அவள் என் மனைவி இல்லை.

நான் இருப்பது அயர்லாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில். மழையையும் மாட்டையும் விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இங்கே விவாகரத்து நினைத்தவுடன் கிடைக்கிற சங்கதி இல்லை. கணவனும் மனைவியும் நான்கு வருஷம் பிரிந்து வாழ்ந்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ட் நம் முகத்தையே பார்க்கும். இவ்வளவு நாள் எதற்கு என்று எங்கள் வழக்கறிஞர் அம்மாவைக் கேட்டேன். மனசு மாறுவதற்கு அரசாங்கம் தருகிற அவகாசம் என்றார். நல்ல அரசாங்கம்தான். குறை சொல்வதற்கில்லை.

கடைசியில் நீதிபதி ஒரு கேள்வி கேட்பாராம். "நீங்கள் மறுபடியும் சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்கிறதா?" இரண்டு பேரும் இல்லை என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

"இருக்கிறது என்று நான் சொன்னால்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இருக்கிறதா?" என்றார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறேன். வனஜா இன்னும் என்னை "ஏங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தட்டு கூட உடைந்ததில்லை. இதற்கு மேல் என்ன வாய்ப்பு வேண்டும்? பிரிந்துவிடலாம் என்று அவள் சொன்ன நாளிலிருந்து இன்று வரை எனக்கு விளங்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஏன்?

2

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் பிரிந்து வாழ்வது என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்களுக்குத் தனித்தனி வீடு எடுக்க வழியில்லை, நடுவில் பெண் குழந்தை வேறு. எனவே மாடி அறை வனஜாவுக்கும் எங்கள் மகள் கயல்விழிக்கும், கீழ் அறை எனக்கு. அடுப்பு ஒன்று, ரைஸ் குக்கர் இரண்டு. ஃபிரிட்ஜில் மேல் தட்டு அவளுடையது, கீழ்த் தட்டு என்னுடையது.

வழக்கறிஞர் கொடுத்த படிவத்தில் கேட்டிருந்த கேள்விகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்றாகச் சமைக்கிறீர்களா? ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா? ஒருவர் துணியை மற்றவர் துவைப்பதுண்டா? நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில். இந்த ஊர் நோயாளிகளின் போர்வையெல்லாம் என் கையால்தான் மடிகிறது. ஆனால் என் மனைவியின் துணி கொடியில் மழைக்கு நனைந்தால் நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் நான்கு வருஷக் கணக்கு கெட்டுப்போகும் என்று பயம் காட்டியிருந்தார்கள். கெடட்டும் என்றே பல நாள் எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போவாள். அந்த ஒன்றும் சொல்லாததை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பேன்.

கயல்விழிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'கே'. முழுப் பெயர் முதலில் வாத்தியார்கள் வாயில் வரவில்லை, பிறகு அவள் வாயிலேயே வரவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் புரியும், அதனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பா அம்மா பற்றி வகுப்பில் எழுதச் சொன்னபோது, "என் பெற்றோர் ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பர்கள்" என்று எழுதிவிட்டு வந்தாள். ஆசிரியை அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். தீர்ப்பு வந்ததும் கயல்விழியும் வனஜாவும் வேறு ஊருக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வனஜாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாங்கள் ஒரே சோபாவில் உட்காருவோம். ஊருக்குப் பேச வேண்டுமே. ஐயம்பேட்டையில் என் அம்மா, தென்னேரியில் வனஜாவின் அப்பா அம்மா. யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்போம்.

"இன்னாமா வனஜா, அங்க குளிரு எப்படி இருக்குது? அவன் ஒழுங்கா சாப்ட்டுக்கினு இருக்கானா?" என்பாள் அம்மா.

"சாப்ட்றாரு அத்தை. இன்னிக்கி மீன் கொழம்பு வச்சேன்."

மீன் குழம்பு வைத்தது உண்மை. எனக்கு இல்லை என்பதை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். வனஜா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முழுதாகச் சொல்லியும் கேட்டதில்லை.

3

நான் லாண்டரிக்காரனாகப் பிறக்கவில்லை. காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் ஒன்பது வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தவன். ஐயம்பேட்டையிலிருந்து காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், ராத்திரி கடை சாத்தும் வரைக்கும் பேச்சுதான். வாங்க வந்த பெண்மணிக்குப் புடவை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு, நாங்களே எழுந்து நின்று தோளில் முந்தானையைப் போட்டு, இடுப்பில் மடிப்பு வைத்துக் காட்ட வேண்டும். மீசை வைத்த ஆம்பளை ஜரிகை முந்தானையோடு நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அது எங்களுக்குத் தொழில்.

அந்தத் தொழிலில் பேசத் தெரிந்தவன் பாதி வியாபாரிதான். பேச்சை நிறுத்தத் தெரிந்தவன்தான் முழு வியாபாரி. ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டிருப்போம். கூட்டமாக வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கட்டப்போகிற பெண்ணின் கையை மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்தக் கை ஒரு புடவை மேல் வந்து நின்று, அவள் பேசாமல் ஆகிவிட்டால் முடிந்தது கதை. அதற்கு மேல் இன்னொரு புடவையை எடுக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். பேசாமல் மடித்து பில்லுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். கடையில் எல்லாரும் பின்பற்றுகிற முறை இது. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

என் கல்யாணத்துக்கும் முகூர்த்தப் புடவை அந்தக் கடையில்தான் எடுத்தோம். பெண் தென்னேரி, நர்சு படித்தவள், பெயர் வனஜா என்று அம்மா பார்த்து முடித்திருந்தாள். இரண்டு குடும்பமும் வேன் பிடித்து வந்து விரிப்பில் உட்கார்ந்தார்கள். நான் ஒரு மூலையில் மாப்பிள்ளையாக உட்காரப் போனேன். முதலாளி விடவில்லை.

"இன்னாப்பா, ஊரு பொண்ணுக்கெல்லாம் காட்டுவ, உன் பொண்ணுக்குக் காட்ட மாட்டியா? ஏந்திரு, ஏந்திரு" என்றார்.

ஆக, என் பெண்டாட்டி கட்டப்போகும் புடவையை நானே தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். அவளோடு நான் பேசிய முதல் பேச்சே ஜரிகையைப் பற்றித்தான். என் அத்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பத்தாவதோ பதினோராவதோ புடவை. நல்ல கிளிப்பச்சை, அகல பார்டர், உடம்பெல்லாம் பூப்பூவாக ஜரிகைப் புட்டா, கடையில் 'கிராண்ட்' என்று நாங்கள் சொல்கிற ரகம். அதை விரித்துப் போட்டதும் வனஜாவின் கை அதன்மேல் வந்து நின்றது. அவள் பேசவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பில்லு போடுப்பா" என்றேன். முதலாளி கைதட்டினார்.

இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் பெண்டாட்டிக்கு என் ரசனைதான் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

4

வனஜா முதலில் தனியாகத்தான் இங்கே வந்தாள். நர்சுகளை ஆள் எடுத்த நேரம் அது. கயலை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஆனபோது ஒரு நாள் போனில், "நானும் கடையை விட்டுட்டு, பாப்பாவைக் கூட்டிக்கினு வந்துடட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குப் புல்லரித்துப்போனது. அழுகிறாள், சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

வந்து இறங்கியதும் கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் நான் 'சார்ந்து வாழ்பவர்'. வேலைக்குப் போக அனுமதியில்லை. இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து சோறாக்கிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். அதற்குப் பிறகுதான் அனுமதி கிடைத்து லாண்டரிக்குப் போனேன். பாஷையும் தகராறு செய்தது. இங்கே எதைக் கேட்டாலும் 'கிராண்ட்' என்பார்கள். நம் கடையில் கிராண்ட் என்றால் உயர்ந்த ரகம். இவர்களுக்கு அது 'பரவாயில்லை' என்பதற்குமேல் இல்லை. இது புரிவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. பக்கத்து வீட்டம்மா தன் புருஷனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குக்கூட கிராண்ட் என்றுதான் சொன்னார்.

நான் வந்த இரண்டாம் வருஷம் வனஜா உண்டானாள். ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. அவள் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில், அவளுக்குத் தெரிந்த நர்சுகளே பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். குழந்தையை ஆஸ்பத்திரிக்காரர்களே அடக்கம் செய்வார்களாம், அதற்குச் சில விவரங்கள் வேண்டுமாம். பெற்றோர் பெயர், விலாசம், மதம் எல்லாம் எழுதினேன். குழந்தையின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அஞ்சு மாசத்துக்குப் பேரா?

வனஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "பேரெல்லாம் எதுக்கு, இல்ல?" என்றேன்.

அவள் பேசவில்லை. நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு புலம்பல் இல்லை. "நல்லா தேறிட்டாம்மா, தைரியசாலி" என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்றிருந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் ஒரு சனிக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, நாம பிரிஞ்சிடலாம்" என்றாள்.

5

கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். கயலின் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் அவரவர் அப்பா அம்மா ஊர் உடையில் வர வேண்டும் என்று ஒரு நாள் வைத்தார்கள். வனஜா மாடியிலிருந்து அந்தக் கிளிப்பச்சைப் புடவையைக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை மதியம், கூடத்தில் மூன்று பேரும் இருந்தோம். பல மாதத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே அறையில் இருந்ததால் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுந்து நின்று பழையபடி முந்தானையைத் தோளில் போட்டு, மடிப்பு வைத்துக் காட்டினேன். கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் பழைய கதையையும் எடுத்துவிட்டேன். எப்படி நான் நின்றேன், எப்படி அம்மாவின் கை வந்து நின்றது, எப்படி நான் பேச்சை நிறுத்தினேன் எல்லாம்.

கயல் தன் அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். "உனக்கு இது பிடித்திருந்ததா அம்மா?"

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எடுத்தாகிவிட்டது, கட்டியாகிவிட்டது, பிறகென்ன பிடித்ததா என்று ஒரு கேள்வி? ஆனால் இவள் இங்கே வளர்ந்தவள். பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்ல" என்றாள் வனஜா.

நான் தோளில் முந்தானையோடு நின்றுகொண்டிருந்தேன். "கை வச்சியே?" என்றேன்.

"தள்றதுக்கு வச்சேங்க. அதுக்கு அடியில ஒரு அரக்கு கலரு இருந்துச்சி. சின்ன பார்டரு, புட்டா எதுவும் இல்ல. அத பாக்கலாம்னு மேல இருந்தத தள்ளப் போனேன். அதுக்குள்ள நீங்க பில்லு போடுன்னுட்டீங்க."

"சொல்றதுதானே?"

"எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க. உங்க மூஞ்சில அவ்ளோ சந்தோசம். எப்படிச் சொல்றது?"

கயல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டே போகிறேன் என்று உள்ளேயிருந்து கத்திச் சொன்னாள்.

6

வனஜா புடவையை வாங்கி மடிக்க ஆரம்பித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். ஆறு கெஜப் பட்டை ஒருத்தராக மடிக்க முடியாது. முனையோடு முனை சேர்த்து மடித்து முடித்தோம்.

"வேற இன்னா?" என்றேன்.

"இன்னா வேற இன்னா?"

"வேற எதுல நான் இந்த மாதிரி பில்லு போட்டேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி என்னிடமிருந்து வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க கடைய விட்டுட்டு வரட்டுமான்னு கேட்டப்ப, வேணாம், ஒரு வருசம் போவட்டும்னு சொல்லணும்னு இருந்துச்சி. இங்க வந்து சும்மா உக்காந்தா நீங்க உடைஞ்சி போவீங்கன்னு தெரியும். எப்படிச் சொல்லலாம்னு யோசிச்சிக்கினு இருக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சி. மறுநாள் வேலைய விட்டுட்டேன்னு போன் பண்றீங்க."

"ம்."

"அப்புறம் அந்த ஃபாரம்."

எந்த ஃபாரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேரு வச்சிருந்தேன். மூணாம் மாசத்துலயே வச்சிட்டேன். அந்தப் பேரச் சொல்லித்தான் டூட்டில தனியா இருக்கும்போது பேசிக்கினு இருப்பேன். உங்ககிட்ட சொல்ல வாயெடுத்தேன். அழுக முட்டிக்கினு வந்துச்சி, கொஞ்சம் அடங்கட்டும்னு இருந்தேன். பேனா சத்தம் கேட்டுச்சி."

அவள் அழவில்லை. நோயாளிக்கு விஷயத்தை விளக்குகிற குரலில்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. லாண்டரியில் கெமிக்கலில் வெந்து தோலுரிந்த கையால் முகத்தைத் துடைத்ததில் கண் எரிந்தது.

"இன்னா பேரு?" என்றேன்.

"இப்ப எதுக்குங்க."

"சொல்லு வனஜா."

"வேணாம். அது எங்கிட்டயே இருக்கட்டும்."

மடித்த புடவையை மேஜை மேல் வைத்துவிட்டு அவளே பேசினாள். "ஆழமான காயம் இருக்குது பாருங்க, அத மேல தையல் போட்டு மூடக் கூடாது. உள்ள துணி வச்சி, தெனமும் எடுத்து, தெனமும் கழுவி, அடியிலிருந்து ஆறி வர வைக்கணும். நோயாளி கத்துவாங்க. மேலத் தோல் சீக்கிரம் மூடிக்கிச்சின்னா எல்லாருக்கும் சந்தோசம், ஆறிடுச்சின்னு நெனச்சிக்குவாங்க. உள்ள சீழ் வச்சிக்கினு இருக்கும். எனக்கு அப்படி மூடிக்கிச்சி. உங்க தப்பு மட்டும் இல்ல. நானும் வாயத் தொறக்கல."

"இப்ப தொறந்துட்டியே. இனிமே ஆறாதா?"

கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். அவள் பேசவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் படித்து வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த முகம். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புடவையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. சோபாவில் உட்கார்ந்தோம். அம்மா குளிரைப் பற்றிக் கேட்டாள். "அம்மா, நாங்க பிரியறோம். கோர்ட்டுக்குப் போயிட்டோம். நாலு வருசமா பேச்சு நடக்குது" என்று நானே சொல்லிவிட்டேன்.

ஐயம்பேட்டையில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. "இன்னாடா சொல்ற? போன வாரம்கூட அவ நல்லாத்தான பேசிக்கினு இருந்தா? எம்மா வனஜா, நல்லாத்தானமா பேசிக்கினு இருந்த?"

வனஜா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நெடுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. என் அம்மாவோடு பேசி அழ முடிந்தவளுக்கு என்னோடு பேசி அழ முடியவில்லை என்பதை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

7

வியாழக்கிழமை. கோர்ட் இருப்பது மாவட்டத் தலைநகரில், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரே பஸ்ஸில்தான் போனோம், நான் நின்றுகொண்டு. கூட்டம் அதிகம்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் இந்த வழக்குகளை விசாரிப்பார்களாம். உள்ளே ஐந்தாறு பேர்தான். நீதிபதியும் ஒரு பெண்மணி, சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். வனஜாவிடம் முதலில் கேட்டார். எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், குழந்தை யாரிடம் இருக்கும், இப்படி. கடைசியில் அந்தக் கேள்வி. வனஜா "இல்லை" என்றாள். எழுத்து எழுத்தாக, தெளிவாக.

பிறகு என் முறை. சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்று சொல்வதற்கு நான் பழகி வைத்திருந்த ஆங்கில வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. தள்ளி வைப்பார்கள், சில மாதம் கிடைக்கும். சில மாதம் அவள் மாடியில் இருப்பாள், நான் மழை வந்தால் துணி எடுப்பேன். வனஜா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் "இல்லை" என்று சொன்னது என் காதிலேயே இருந்தது. இந்தத் தடவை அதற்கு வேறு அர்த்தம் எதுவும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தலையாட்டினால் பதிவு செய்ய முடியாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்" என்றார் நீதிபதி.

"இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். வழக்கறிஞர் அம்மா இருவருக்கும் கை கொடுத்தார். வெளியே வந்து மணி பார்த்தேன், பதினொன்று கூட ஆகவில்லை. வாசலில் நின்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமா என்று நினைத்து, கிராண்ட் என்று சொல்லிவிடுவாளோ என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ் காலியாக இருந்தது. அவள் முதலில் ஏறி நடுவில் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். கைப்பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். நான் டிரைவரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். நான் கிட்டே வந்தபோது அவள் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இடம் விடுகிறாள். இல்லை, உள்ளேயிருந்து ஏதோ எடுக்கப் போகிறாள். எதற்கு எடுத்தாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் கிளம்பிவிட்டது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் உட்கார்ந்து, கால் நீட்டி, மனசுக்குள் ஒரு குடும்பத்தையே மறுபடி கட்டியிருப்பேன்.

"வனஜா, இங்க உக்காரட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். இரண்டு ஸ்டாப்பிங் போயிருக்கும், நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"வேணாங்க" என்றாள். "கேட்டீங்களே, அது போதும். பின்னால போயி உக்காருங்க."

நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.